கதிர்வேலுக்கு என்ன அடையாளம்

கோயம்புத்தூர்
14 ஜூலை 2024

அன்புள்ள அம்மாவுக்கு அனு எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்பாவும் சுகமா? மலையில் மழை பிடித்துவிட்டதா? உன் முட்டி வலிக்குத் தைலம் வாங்கி, சோளக்காட்டு அங்கன்வாடி சங்கீதா அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கிடைத்ததா?

விடுதிச் சோறு பரவாயில்லை, சாம்பார்தான் இனிக்கிறது. ஆட்டிசத்தை மட்டும் முதுகலையில் ரெண்டு வருசம் படிக்க என்ன கெடக்குது என்று அப்பா கேட்டாரே, நிறையக் கிடக்கிறது அம்மா. போன வாரம் எங்கள் ஆசிரியை ஒவ்வொருவர் காதிலும் ஹெட்போனை மாட்டிவிட்டார். மிக்சி, லாரி ஹார்ன், குழந்தை அழுகை, நாலு பேர் பேச்சு, எல்லாம் ஒரே அளவுச் சத்தத்தில். சட்டைக் காலருக்குள் சொரசொரவென்று ஓர் அட்டை. அப்படியே உட்கார்ந்து மூன்றாம் வகுப்புக் கணக்கைப் போடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நான் ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் வீசிவிட்டேன். "உங்களால கழட்ட முடிஞ்சுது" என்றார் அவர்.

எனக்கு உடனே அண்ணன் நினைவு வந்தது. எனக்கு ஆறு வயது, அவனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடி ஆற்றோடு போய்விட்டான் என்பதுதான் அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது. பேச்சு வராத பையன் என்பீர்கள், பஸ்ஸில் ஏற்றினால் கத்துவான் என்பீர்கள். அவனுக்கு இருந்தது ஆட்டிசம் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவனைப் பற்றி உனக்கு நினைவிருப்பதையெல்லாம் எழுது. போனில் கேட்கலாம்தான். ஆனால் போன் அப்பாவின் பையில் இருக்கிறது, அண்ணன் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறார்.

உடம்பைக் கவனி.
உன் அனு


திருப்புலி நாடு
2 ஆகஸ்ட் 2024

கண்ணு அனுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் நல்லபடி இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு. தைலம் வந்தது. மழை விடாமல் பெய்கிறது. மிளகுக்கொடி பூத்திரி விட்டிருக்கிறது. குச்சிக்கிழங்குக் காட்டில் களை மண்டிக்கிடக்கிறது, ஆள் கிடைக்கவில்லை. உங்கப்பாவும் நானுமே பிடுங்குகிறோம்.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எதுவும் எழுத வரவில்லை.

கதிர்வேல் இரண்டு வயதில் "தண்ணி" என்று சொன்னான். பிறகு அதையும் சொல்லவில்லை. பலாக்கொட்டையை வாசலில் ஒரு கோடாக அடுக்குவான், யாராவது ஒன்றை நகர்த்தினால் தலையைச் சுவரில் மோதுவான். தூங்கும் முன்னால் என் தலைமுடியை வாசம் பிடித்தால்தான் கண் மூடுவான். ஊரில் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், சூடு போடச் சொன்னார்கள், நான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருமுறை சேந்தமங்கலம் போகும்போது அவன் கத்துகிறான் என்று வளைவில் பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கிவிட்டார்கள். உங்கப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறினார். அவர்தான் அவனைத் தூக்கிச் சுமந்தவர்.

நாளைக்கு ஆடிப் பதினெட்டு. வழக்கம்போல ஆற்று மீனுக்குப் பொரி போட்டுப் பூ விட்டுவிட்டு வருவேன். உங்கப்பா எப்போதும் போல வரமாட்டார்.

போதும் சாமி. படிப்பைப் பார்.
அம்மா கண்ணாயி


திருச்சி
17 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு அனு.

நலம்தானே? மழைக்கு வழுக்கும், காட்டுக்குள் பார்த்துப் போ. களப்பயிற்சிக்கு என்னைத் திருச்சிக்கு வெளியே ஒரு இல்லத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பேச்சில்லாத, குடும்பம் இல்லாத பெரியவர்கள் இருக்கும் இடம். பாத்திமா பீவி என்ற அம்மா நடத்துகிறார். காலையில் பல் விளக்குவது முதல் அவர்களோடு இருக்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று படச் சீட்டுகளைக் காட்ட வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது, தொடும் முன் கேட்க வேண்டும். இதுதான் வேலை. எனக்குப் பிடித்திருக்கிறது.

அம்மா, இனி எழுதுவதை உட்கார்ந்து படி.

இங்கே செல்வம் என்று ஒருவர். அது இவர்கள் வைத்த பெயர். அண்ணன் இருந்தால் என்ன வயதோ அந்த வயதுதான். சிறு பையனாக ஒரு பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றவரைப் போலீஸ் கொண்டுவந்து விட்டதாம். இரண்டாம் நாள் நான் குனிந்து அவர் செருப்பு வாரை மாட்டியபோது என் தலைமுடியில் மூக்கை வைத்து மெதுவாக மூச்சை இழுத்தார். முகத்தைப் பார்த்தேன். அந்தப் புருவம் அப்பாவுடையது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்பாவுடையது.

அண்ணனின் உடல் கிடைக்கவே இல்லை அல்லவா? கூட்டத்தில் எவன் பின்னாலாவது போய் பஸ் ஏறியிருந்தால்? இங்கே இருப்பவர்களைப் படம் எடுக்கக் கூடாது, அதனால் அனுப்ப முடியவில்லை. கதிர்வேலுக்கு என்ன அடையாளம்? உடம்பில் மச்சமோ தழும்போ இருந்ததா? உடனே எழுது.

அனு


திருப்புலி நாடு
26 நவம்பர் 2024

மகள் அனுராதாவுக்கு அப்பா ஆறுமுகசாமி ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கு யாவரும் சுகம். நீ எழுதிய கடிதம் தபால்காரர் மூலம் என் கைக்கு வந்தது. உன் அம்மாவிடம் கொடுக்கவில்லை. அவளுக்கு ரத்த அழுத்தம் இருப்பது உனக்குத் தெரியும்.

அது நம் பையன் இல்லை. போனவன் போய்விட்டான். கருமாதி செய்து தலை முழுகியாயிற்று. நீ படிக்கப் போனாயா, ஆள் தேடப் போனாயா? இந்தப் படிப்பே வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். அந்த இடம் மனதுக்கு ஒத்துவராவிட்டால் ஊருக்கு வந்துவிடு. சேந்தமங்கலத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கேட்டு வைக்கிறேன்.

இது பற்றி இனி எழுத வேண்டாம்.

அப்பா


திருச்சி
8 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்தை சங்கீதா அக்காவின் விலாசத்துக்கு அனுப்புகிறேன். அங்கன்வாடியிலேயே வைத்துப் படி. நீ நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நவம்பரில் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது உன் கைக்கு வரவில்லை. அதன் நகலையும், அதற்கு அப்பா எழுதிய பதிலையும் இதோடு வைத்திருக்கிறேன். இரண்டையும் படி.

அப்பாவின் கடிதத்தை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. செத்துப்போன மகன் உயிரோடு இருக்கலாம் என்று ஒருத்தி எழுதினால் எந்த அப்பாவும் முதலில் என்ன கேட்பார்? எப்படி இருக்கிறான், உயரமா, குட்டையா? அவர் ஒன்றுகூடக் கேட்கவில்லை அம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்கு என்று எழுதத் தெரியவில்லை.

அனு


திருப்புலி நாடு
19 ஜனவரி 2025

அனுவுக்கு அம்மா.

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது. பொங்கலும் வந்து போய்விட்டது.

சங்கீதா கொடுத்ததைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உங்கப்பாவுக்குச் சோறு போட்டேன். பிறகு கேட்டேன்.

"ஏனுங்க, அனு எழுதுன கடுதாசி எங்கீங்க?"

"எந்தக் கடுதாசி?"

"பையனப் பத்தி எழுதுனது."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அது நம்ம பையன் இல்ல புள்ள. அவள ஆரோ கொழப்பி உட்டிருக்காங்க."

"நீங்க போயிப் பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கோணும்?"

"ஆத்துல போனவன்னா, ஆத்துல போனவன் எப்படி வருவான்னுதானுங்க சொல்லியிருக்கோணும். அந்தப் பையன் நம்ம பையன் இல்லேன்னு பாக்காமயே எப்படீங்க சொல்றீங்க?"

பிசைவதை நிறுத்தினார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "திருச்சிப் பக்கமெல்லாம் போகலேங்கறேன். நாமக்கல் பஸ் ஸ்டாண்டுலதான் உக்கார வெச்சேன். பன்னு வாங்கிக் குடுத்தேன். தின்னுட்டு இருந்தான். நான் பஸ் ஏறிட்டேன்."

அனு, நான் அப்போது கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்று எனக்கே தெரியவில்லை. "ஏனுங்க?" என்று மட்டும் கேட்டேன். அந்த வாரம்தான் அவன் உன்னைப் பாறை மேலிருந்து தள்ளிவிட்டானாம், உன் நெற்றி உடைந்தது. "ஒரு புள்ளையாவது நிக்கட்டும்னு பண்ணுனேன்" என்றார். தண்ணீரில் போய்விட்டான் என்றால் நான் தேடமாட்டேன் என்று நினைத்தாராம்.

எழுந்து கை கழுவினேன். பானையில் மிச்சம் இருந்த சோற்றை மாட்டுக்கு வைத்தேன். அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று நினைவில்லை. வருசா வருசம் அந்த மீனுக்குப் பொரி போட்டேனே, சாமி. என் பிள்ளை எங்கேயோ பசியோடு இருக்க, நான் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இடது முழங்காலுக்குப் பின்னால் தழும்பு இருக்கும். கொதிக்கிற பருப்பு கொட்டியது. நீ பார்க்காதே. நான் வந்து பார்க்கிறேன்.

அம்மா


திருச்சி
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று சங்கீதா அக்கா சொன்னார். சாப்பிட்டாயா? பஸ்ஸில் ஏறும்போது நீ திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ செல்வத்தின் முன்னால் நின்றதையும், அவர் உன் தலையை வாசம் பிடித்ததையும், நீ அப்படியே கண்ணை மூடிக்கொண்டதையும் பார்த்தேன். அந்த நிமிடம் எல்லாம் முடிந்துவிட்டது, அண்ணன் கிடைத்துவிட்டான் என்றே நினைத்தேன். பிறகு நீ கேட்காமலே குனிந்து அவர் காலைத் தூக்கினாய். அவர் போட்ட அலறலில் ஹாலில் இருந்த எல்லோரும் அழத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் காலில் தழும்பு இல்லை. நீ தரையில் உட்கார்ந்து, "இவன் வேற ஆரோ பெத்த புள்ள" என்றாய்.

முடியை வாசம் பிடிப்பது நிறையப் பேருக்கு உண்டு. என் பாடத்திலேயே இருக்கிறது, தேர்வில் எழுதிக்கூட இருக்கிறேன். அப்படியும் அப்பாவின் புருவத்தை அங்கே பார்த்தேன். பாத்திமா அம்மா என்னைத் திட்டவில்லை. "நீ அவன உன் அண்ணனாப் பாத்த. செல்வம்னு ஒருத்தன் இருக்கான்மா, அவனப் பாரு" என்றார். செல்வம் இரண்டு நாள் என் பக்கம் வரவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்தேன், நேற்றுத்தான் தன் செருப்பை என் முன்னால் கொண்டுவந்து போட்டார்.

என் நெற்றித் தழும்பைக் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை. வழுக்கி விழுந்தேன் என்றுதானே சொல்லி வளர்த்தீர்கள்?

ஆனால் ஒன்று அம்மா. செல்வம் அண்ணன் இல்லை. அண்ணன் ஆற்றிலும் இல்லை. அப்படியானால் எங்கே?

அனு


திருப்புலி நாடு
30 மார்ச் 2025

கண்ணு அனுவுக்கு அம்மா எழுதுவது.

சுகமா? பரிட்சை நேரம், கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஆளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். என்ன செய்தார் என்று அவர் வாயாலேயே சொன்னார். கேஸ் போட்டு ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். பிறகு நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எந்த இடம் என்று காட்டச் சொன்னேன். இப்போது அங்கே ஜூஸ் கடை இருக்கிறது. "இங்கதான் பெஞ்சு கெடந்துச்சு" என்றார். நான் அந்தக் கடைக்காரரிடம் கேட்டுக் கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்தேன். எதிரே வரிசையாக பஸ். எல்லாம் ஹார்ன் அடிக்கிறது. இந்தச் சத்தத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டில் அவருக்கு அவரே பொங்கிக்கொள்கிறார். காட்டு வேலை மட்டும் சேர்ந்து செய்கிறோம்.

பாத்திமா பீவி அம்மா எந்தெந்த ஊரில் இல்லம் இருக்கிறது என்று கேட்டுச் சொன்னார். நானும் சங்கீதாவும் போகிறோம். போன வாரம் திண்டுக்கல் பக்கம் ஒரு இடம். கதிர்வேல் காணாமல் போன வருசத்தில் சிறுபிள்ளையாக வந்து சேர்ந்த நாலு பேரை மரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் பார்த்தேன். காலைப் பார்க்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. அன்றைக்குச் செல்வம் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. முகத்தைப் பார்த்தாலே போதும், எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். நாலு பேரும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று போலீஸ் என்னிடமும் அவர்களிடமும் ரத்தம் எடுத்திருக்கிறது.

அடுத்த இடத்துக்குச் சித்திரை கழித்துப் போகிறோம். மிளகு காய்ந்தாகிவிட்டது, மூட்டை கட்ட வேண்டும்.

அம்மா


கோயம்புத்தூர்
22 ஜூன் 2025

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்தைச் சங்கீதா அக்கா கொண்டுவருவார். நீ படித்து முடிக்கும் வரை உன் பக்கத்திலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன். நாளை மறுநாள் தேர்வு முடிந்ததும் நானும் வந்துவிடுவேன். போனில் இதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, வீட்டு போன் அப்பாவிடம் இருப்பதால் போலீஸ் என்னிடம் சொன்னார்கள். திண்டுக்கல்லில் மரத்தடியில் நீ பார்த்த நாலு பேரில் ஒருவர் உன் மகன். அவர்கள் வைத்த பெயர் கோகுல்நாத். பருமனாக, முன்பக்கம் முடி கொட்டி, சணல் கயிற்றைப் பிரித்துக்கொண்டு இருந்தவர். நான் போன் செய்து கேட்டேன். இடது முழங்காலுக்குப் பின்னால் தழும்பு இருக்கிறதாம்.

அம்மா, நீ அண்ணன் முன்னால் நின்றிருக்கிறாய். அவனும் உன்னைப் பார்த்திருக்கிறான்.

இப்போது மகளாக எழுதவில்லை, படித்ததை வைத்து எழுதுகிறேன். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதே. அவன் எதிரில் சத்தமாக அழாதே. வீட்டுக்குக் கூட்டிவர இப்போது கேட்காதே. அவனுக்கு அதுதான் வீடு, இன்னொரு முறை அவனைத் தெரியாத இடத்தில் இறக்கிவிடக் கூடாது. வாரத்தில் ஒரே கிழமை போ. ஒரே இடத்தில் உட்கார். அவன் வந்தால் வரட்டும்.

படிப்பு முடிந்ததும் எந்த ஊரிலாவது இப்படி ஓர் இல்லத்தில்தான் வேலைக்குச் சேரப்போகிறேன். அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. நான் இன்னும் அவரோடு பேசவில்லை.

அனு


திண்டுக்கல்
14 செப்டம்பர் 2025

கண்ணு அனுவுக்கு அம்மா எழுதுவது.

நீ நல்லபடி இருப்பாய். நானும் இருக்கிறேன். நீ ஊருக்கு வந்து போன பிறகு எழுதவே இல்லை, கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால், பெற்ற பிள்ளையைப் பார்த்து இவன் இல்லை என்று சொன்னேனே என்பதிலேயே கை நின்றுவிடும். பெத்தவளுக்குத் தெரியாதா என்று சோளக்காட்டில் கேட்கிறார்கள். தெரியவில்லை. நான் ஒன்பது வயதுப் பையனைத் தேடிக்கொண்டு போயிருக்கிறேன்.

நீ சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதல் பஸ்ஸில் வருகிறேன். மரத்தடி பெஞ்சில் இந்த ஓரம் நான், அந்த ஓரம் அவன். சணலைப் பிரிப்பான், பிரித்ததை வரிசையாக வைப்பான். முதல் மாதம் நான் இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒருநாள் நானும் ஒரு கயிற்றை எடுத்துப் பிரித்தேன். நான் பிரித்ததை எடுத்துத் தன் வரிசையில் வைத்துக்கொண்டான். இங்கே எல்லோரும் கோகுல் என்கிறார்கள், அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறான். நானும் கோகுல் என்றே கூப்பிடுகிறேன். வாய் கூசியது, இப்போது பழகிவிட்டது.

போன வாரம் அந்த ஆள் சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு இருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"நானும் வரட்டுமா புள்ள?"

"அவனுக்கு உங்க மொகம் ஞாபகம் இருந்துச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?"

பஸ் கிளம்பும்போது பார்த்தேன், அங்கேயேதான் நின்றார்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து பையைத் தோளில் மாட்டினேன். எப்போதும் போல அவன் பாட்டுக்கு இருப்பான் என்று நினைத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையின் வாரைப் பிடித்து இழுத்துத் தோளில் இருந்து கழற்றி, பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தான். அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டான்.

உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்னது போல அழவில்லை. வெளியே ரோட்டில் பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது. அவனுக்கு அந்தச் சத்தம் ஆகாது, எப்போதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவான். இன்றைக்கு ஓடவில்லை. ஒரு காதை மட்டும் பொத்தினான். இன்னொரு கையைப் பையை விட்டு எடுக்கவே இல்லை.

பஸ் போய்விட்டது. இங்கேயே படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் தாள் வாங்கி, அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டு இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு சாமி.
அம்மா